மட்டில்டாவை மறுபடி மறுபடி பார்த்து எழுதுவோருக்கு: டிக்கெட் முதல் திருத்தம் வரை

லண்டன் கேம்பிரிட்ஜ் தியேட்டரில் 2011ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும், மட்டில்டா என்னும் பள்ளிச் சிறுமியின் கதையான ‘மட்டில்டா’ இசை நாடகத்தை இரண்டாவது முறை பார்த்துவிட்டு வந்த இரவில், ஒரு சிறுமியின் நடிப்பைப் பாராட்டி நான்கு பத்திகள் எழுதினேன். அந்தச் சிறுமி அன்று மேடையேறவே இல்லை. ஒரு வாரத்துக்கு முன்பு குறித்து வைத்திருந்த நடிகர் அட்டவணையை நம்பிப் பெயரை எழுதிவிட்டேன். அன்று கடைசி நேரத்தில் வேறொரு சிறுமி அந்த வேடத்தை ஏற்றிருந்தாள். மறுநாள் காலை, அவளுடைய பாட்டியிடமிருந்து இரண்டே வரியில் ஒரு செய்தி வந்தது. பேத்தி அந்த வேடத்தில் தோன்றிய முதல் காட்சி அதுதான் என்றும், வீட்டில் எல்லோரும் என் கட்டுரையைத் திறந்து பார்த்தார்கள் என்றும் எழுதியிருந்தார்.

அதன்பின் மூன்று ஆண்டுகளில் பதினான்கு முறை பார்த்துவிட்டேன். டிக்கெட்டில் பணத்தை இழந்தது, இருக்கையில் ஏமாந்தது, குறிப்புகளைக் குழப்பிக்கொண்டது என்று பட்டுத் தெரிந்துகொண்டவை நிறைய உண்டு. ஒரே நாடகத்தைப் பலமுறை பார்த்து, ஒவ்வொரு முறையும் மேடையேறிய குழந்தைகளைப் பற்றி எழுத நினைக்கும் உங்களுக்கு அவை நேராமல் இருக்க இதை எழுதுகிறேன்.

1. குழந்தைகள் ஏன் மாறுகிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

ஒரே வேடத்தைச் சில குழந்தைகள் முறைவைத்து நடிப்பதுதான் இந்த நாடகத்தின் அமைப்பு. லண்டன் நாடகங்களுக்கு வழங்கப்படும் ஆலிவியர் விருதுகளில், 2012ஆம் ஆண்டு இசை நாடகத்துக்கான சிறந்த நடிகை விருதை, மட்டில்டா வேடத்தைப் பகிர்ந்துகொண்ட நான்கு சிறுமிகளும் சேர்ந்தே பெற்றார்கள். ஆகவே எந்தப் பெயரைக் கேள்விப்பட்டு டிக்கெட் வாங்கினாலும், நீங்கள் போகும் நாளில் வேறொரு குழந்தை நடிக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும்.

இதன் பின்னால் சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் பள்ளிப் பருவத்துக் குழந்தை இத்தகைய தொழில்முறை மேடையில் தொடர்ந்து நடிக்க, அது வசிக்கும் பகுதியின் உள்ளாட்சி அமைப்பு உரிமம் வழங்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஒன்பது வயதும் அதற்கு மேலும் ஆன குழந்தை ஒரு நாளில் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் அரங்கில் இருக்கக் கூடாது, இரவு 11.30க்குள் அரங்கை விட்டுப் போய்விட வேண்டும். ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இந்த வரம்புகள் எட்டு மணி நேரமும் இரவு 11 மணியும் ஆகும். தொடர்ந்து ஆறு நாள்களுக்கு மேல் எந்தக் குழந்தையையும் பயன்படுத்த முடியாது. பெற்றோரோ ஆசிரியரோ உடன் இல்லாதபோது, அனுமதி பெற்ற பாதுகாவலர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஒரு பாதுகாவலரின் பொறுப்பில் பன்னிரண்டு குழந்தைகளுக்கு மேல் இருக்கலாகாது. வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் நடத்தும் நாடகம் ஒரே குழந்தையைக் கொண்டு ஓட முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

இன்னொரு பொறியைப் பலரும் கவனிப்பதில்லை. பள்ளிக் காட்சிகளில் சீருடையோடு வரும் உயரமான ‘பெரிய பிள்ளைகள்’ உண்மையில் வயதுவந்த நடிகர்கள். முதன்முறை எழுதும்போது, பள்ளி வாயில் பாட்டில் கம்பிக் கதவின்மேல் ஏறி ஆடும் ஒரு நடிகரை அசாதாரணத் திறமை வாய்ந்த சிறுவன் என்று எழுதிவிடுவது எளிது. நடிகர் பட்டியலில் குழந்தைகளும் பெரியவர்களும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருப்பார்கள். எழுதும் முன்பு அதைச் சரிபாருங்கள்.

2. டிக்கெட்: எங்கே, எப்போது, எவ்வளவு

முதல் விதி, நாடகத்தின் அல்லது அரங்கின் சொந்தத் தளத்திலிருந்து வாங்குவதே. தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பு பெரும்பாலும் இடைத்தரகருடையது. அப்படி ஒரு மறுவிற்பனையாளரிடம் 48 பவுண்டுக்கு நான் வாங்கிய டிக்கெட்டில், வரிசை எண்ணுக்குப் பதிலாக ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்றிருந்தது. நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பு கிடைத்த இருக்கை மேல் பால்கனியின் ஓரத்தில் இருந்தது. அதே வரிசையில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் 25 பவுண்டுதான் கொடுத்திருந்தார். வேறு விற்பனையாளரிடம் வாங்கியே ஆக வேண்டுமென்றால், அவர் ‘ஸ்டார்’ என்னும் டிக்கெட் விற்பனையாளர் அமைப்பின் உறுப்பினரா என்று பாருங்கள். பணம் கட்டும் முன்பே இருக்கை எண் திரையில் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் வெளியேறிவிடுங்கள்.

வாங்கிய டிக்கெட்டைப் பொதுவாகத் திருப்பித் தர முடியாது. குறிப்பிட்ட குழந்தை நடிக்கவில்லை என்பது பணத்தைத் திரும்பக் கேட்பதற்குரிய காரணம் ஆகாது. காட்சியே ரத்தானால்தான் பணம் திரும்பும். ஆகவே ஆறு மாதத்துக்கு முன்பே ஐந்து காட்சிகளுக்குச் சேர்த்து வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன். ஒரு காட்சியைப் பார்த்து, எழுதி முடித்து, அதில் விடுபட்டது என்ன என்று தெரிந்த பிறகே அடுத்த டிக்கெட்டை வாங்குகிறேன். எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போகும்போது கட்டுரையும் தெளிவாக அமைகிறது.

செலவைக் குறைக்க மூன்று வழிகள் எனக்குப் பலன் தந்தன. லெஸ்டர் சதுக்கத்தில் உள்ள ‘டிகேடிஎஸ்’ கூடத்தில் அன்றைய, அடுத்த சில நாள்களின் டிக்கெட்டுகள் தள்ளுபடியில் கிடைக்கும். எந்த நாடகத்துக்கு என்ன விலை என்று அங்குள்ள பலகையில் பார்த்துவிட்டே வரிசையில் நில்லுங்கள். பள்ளி நாள்களில் நடக்கும் வார நடுக் காட்சிகளின் விலை சனிக்கிழமையைவிடப் பெரும்பாலும் குறைவு. ஆகஸ்டில் லண்டன் அரங்குகளின் சங்கம் நடத்தும் ‘கிட்ஸ் வீக்’ திட்டத்தில், முழு விலை கொடுக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு குழந்தைக்கான டிக்கெட் இலவசம். பெயரில் வாரம் என்று இருந்தாலும் அது மாதம் முழுதும் நீள்கிறது. முன்பதிவு கோடையின் தொடக்கத்திலேயே திறந்துவிடும். நல்ல இருக்கைகள் முதல் சில நாள்களில் தீர்ந்துவிடும் என்பதால் ஆகஸ்டு வரை காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

பதினான்கு முறையில் நான் கொடுத்த விலை 25 பவுண்டிலிருந்து 80 பவுண்டு வரை. இத்துடன் போக்குவரத்தையும் நிகழ்ச்சிப் புத்தகத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நிகழ்ச்சிப் புத்தகத்தை ஒவ்வொரு முறையும் வாங்கத் தேவையில்லை. குழந்தைகளின் குழு மாறும்போது மட்டும் வாங்கினால் போதும்.

3. ஆவணங்கள்

பிரிட்டனில் வசிப்போருக்கு டிக்கெட் மின்னஞ்சலும், அதை வாங்கிய வங்கி அட்டையும் கையில் இருந்தால் போதும். மின்னஞ்சலை முன்பே கைபேசியில் சேமித்து வையுங்கள்; வாசலில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தைத் தேடும்போது பக்கம் திறக்காமல் தவிக்க நேரிடும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்குப் பார்வையாளர் விசா தேவை. ஆறு மாதம் வரையிலான விசாவுக்கான கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வேலை அல்லது தொழில் பற்றிய கடிதம் ஆகியவற்றோடு, தமிழில் உள்ள சான்றிதழ் எதையாவது இணைத்தால் அதன் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். குழந்தை தாயுடனோ தந்தையுடனோ மட்டும் வருகிறது என்றால் மற்றவரின் ஒப்புதல் கடிதத்தைக் கையோடு வைத்திருங்கள். இங்கே பலர் சிக்கும் பொறி ஒன்றுதான்: விசா கைக்கு வரும் முன்பே நாடக டிக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள். நாடக டிக்கெட் விசாவுக்குத் தேவையான ஆவணம் அன்று. விசா தாமதமானால் அந்தப் பணம் போனதுதான்.

4. எந்த முறை எந்த இருக்கை

ஒரே இருக்கையிலிருந்து பத்து முறை பார்ப்பதைவிட, மூன்று இடங்களிலிருந்து மூன்று முறை பார்ப்பது எழுதுபவருக்கு அதிகம் தரும். நான் பரிந்துரைக்கும் வரிசை இது.

முதல் முறை, நடுத்தளமான சர்க்கிளின் மையத்தில் அமருங்கள். எழுத்துப் பலகைகளும் புத்தகங்களும் மேடையின் சட்டத்தையும் தாண்டிப் பரவியிருக்கும் அரங்க அமைப்பு முழுதும் அங்கிருந்துதான் ஒரே பார்வையில் அடங்கும். ஓரத்து இருக்கைகளில் அந்தப் பலகைகளே பார்வையை மறைக்கக்கூடும் என்பதால், ‘பார்வை ஓரளவு மறையும்’ என்ற குறிப்புள்ள டிக்கெட்டை முதல் முறைக்கு வாங்காதீர்கள்.

இரண்டாம் முறை, கீழ்த்தளத்தில் ஐந்தாவது வரிசையிலிருந்து பத்தாவது வரிசைக்குள் அமருங்கள். முகங்கள் அங்கிருந்துதான் தெரியும். மிக முன்னால் போய்விடவும் வேண்டாம். முதல் வரிசையில் அமர்ந்த அன்று குழந்தைகளின் பாதங்களை என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் வரும் ஊஞ்சல் பாட்டில் ஊஞ்சல்கள் பார்வையாளர்களின் தலைக்குமேல் வரை வீசி வருவதைப் பார்க்க முன்வரிசைகளே சிறந்தவை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு பாட்டுக்காக மற்றவற்றை விட்டுக்கொடுப்பது எழுதுபவருக்கு நட்டம் என்பது என் கருத்து.

மூன்றாம் முறை, மிகக் குறைந்த விலையில் மேல் பால்கனிக்குப் போங்கள். நடன அமைப்பாளர் பீட்டர் டார்லிங் குழந்தைகளை நிறுத்தியிருக்கும் கோடுகளும் வளைவுகளும் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரிகின்றன. இறுதியில் குழந்தைகள் மேசைகளின்மேல் ஏறி ஆடும் கலகப் பாட்டை மேலிருந்து பார்த்தபோதுதான், ஒரு குழந்தை அரை அடி தள்ளி நின்றால்கூடப் பக்கத்துக் குழந்தை அதை எப்படிச் சரிசெய்துகொள்கிறது என்று கண்டேன். கீழே அமர்ந்திருந்த நாள்களில் அது என் கண்ணில் படவே இல்லை.

5. நாடகத்தன்று

நாடகம் இடைவேளையோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டு மணி நாற்பது நிமிடம். காட்சி தொடங்கும் நேரம் கிழமைக்குக் கிழமை மாறும் என்பதால் டிக்கெட்டில் உள்ள நேரத்தை மறுபடி பாருங்கள். குறைந்தது நாற்பது நிமிடம் முன்பே அரங்கில் இருங்கள். தாமதமாக வருபவர்களை உரிய இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்திவிடுவார்கள். பிறந்தநாள் விருந்தாகத் தொடங்கும் முதல் பாட்டின் இறுதியில்தான் மட்டில்டா முதன்முதலாகத் தோன்றுகிறாள். அன்று நடிக்கும் சிறுமி எப்படி நுழைகிறாள் என்பதைத் தவறவிட்டால் உங்கள் கட்டுரைக்குத் தொடக்கமே இருக்காது.

அரங்கம் செவன் டயல்ஸ் சந்திப்பை ஒட்டி, ஏர்ல்ஹாம் தெருவில் இருக்கிறது. மிக அருகிலுள்ள சுரங்க ரயில் நிலையம் கோவென்ட் கார்டன். அங்கே மின்தூக்கிக்குக் கூட்டம் நிற்கிறது என்று படிக்கட்டில் ஏறத் தொடங்கிவிடாதீர்கள்; மொத்தம் 193 படிகள். குழந்தையையும் பையையும் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறிப் பாதியில் மூச்சு வாங்கி நின்றிருக்கிறேன். லெஸ்டர் சதுக்க நிலையத்தில் இறங்கி நடந்தாலும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடலாம். ரயிலில் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒரே வங்கி அட்டையைத் தொடுங்கள். உள்ளே ஓர் அட்டை, வெளியே கைபேசி என்று மாற்றினால் இரண்டிலும் அதிகபட்சக் கட்டணம் பிடிக்கப்படும். பத்து வயது வரையுள்ள குழந்தைகள் பெரியவருடன் சுரங்க ரயிலில் இலவசமாகப் போகலாம்.

அரங்கில் நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, முகப்பில் உள்ள அன்றைய நடிகர் பலகையைப் பார்ப்பது. பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே வெளியான அட்டவணை எதுவானாலும், அன்றைய பலகை சொல்வதே கணக்கு. இடைவேளையிலும் ஒருமுறை பாருங்கள். இடைவேளைக்குப் பிறகு வேறொரு சிறுமி மட்டில்டாவாகத் தொடர்ந்ததை ஒருமுறை நேரில் கண்டேன்.

6. குறிப்பெடுத்தல்

காட்சி நடக்கும்போது படமோ ஒலிப்பதிவோ எடுக்கக் கூடாது. கைபேசியில் குறிப்பெழுதுவதும் வேண்டாம். அதன் வெளிச்சம் பின்னால் இருப்பவரின் கண்ணில் அடிக்கும். ஒரு சிறு நோட்டும் பென்சிலும் போதும். இருட்டில் வரிக்கு இரண்டு சொல் மட்டும் எழுதுங்கள். இடைவேளையிலும், திரும்பும் ரயிலிலும் அவற்றை விரித்து எழுதுங்கள். மறுநாளுக்குத் தள்ளிவைத்தால் முந்தைய முறை பார்த்தது இந்த முறை பார்த்ததோடு கலந்துவிடும். பலமுறை பார்ப்பவர்கள் எழுதுவதில் நேரும் பிழைகளில் பாதி இந்தக் கலப்பால் வருபவை.

நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தேதி, பகல் காட்சியா மாலைக் காட்சியா, இருக்கை எண், பலகையில் கண்ட பெயர்கள் ஆகிய நான்கையும் எழுதிய பிறகே மற்றவற்றை எழுதுங்கள். பிறகு, எல்லாக் காட்சிகளையும் கவனிக்க முயலாமல், ஒவ்வொரு முறையும் ஒப்பிடுவதற்கு மூன்று இடங்களை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். நான் தேர்ந்தவை: மட்டில்டா நூலகரிடம் கதை சொல்லும் இடம், சுண்ணக்கட்டி தானாகவே கரும்பலகையில் எழுதும் இடம், சுற்றியிருக்கும் இரைச்சலெல்லாம் அடங்கி அவள் தனியாக நின்று பாடும் இடம்.

அந்தத் தனிப்பாட்டை ஏன் தேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். மேடையில் ஆட்டமில்லை, உதவிக்கு யாருமில்லை, ஒரு சிறுமி மட்டும் நிற்கிறாள். ஒரு சிறுமி அப்போது வலது கைக் கட்டைவிரலைப் பாவாடையின் தையலில் அழுத்திக்கொண்டே பாடினாள். பாட்டு முடியும்போதுதான் விரல் தளர்ந்தது. வேறொருத்தி கைகளை அசைக்கவே இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வரியின் முன்பும் கண்களை மேல் பால்கனியை நோக்கி உயர்த்தினாள். வசனமும் மெட்டும் ஒன்றே. ஆயினும் முதலாமவளின் மட்டில்டா தன்னை அடக்கிக்கொள்ளும் குழந்தையாகவும், இரண்டாமவளின் மட்டில்டா எங்கோ தொலைவில் எதையோ கண்டுவிட்ட குழந்தையாகவும் ஆகிவிட்டார்கள். மறுபடி மறுபடி பார்ப்பவரால் மட்டுமே எழுதக்கூடியது இத்தகைய வேறுபாடுதான். கதைச் சுருக்கத்தை யாரும் எழுதிவிடலாம்.

7. குழந்தையைப் பற்றி எழுதும்போது

நீங்கள் எழுதுவதை அந்தக் குழந்தை படிக்கும் என்று எண்ணியே எழுதுங்கள். இது என் ஊகமன்று. அந்தப் பாட்டியின் செய்தி எனக்குக் கற்பித்தது.

செயலை எழுதுங்கள், தோற்றத்தை எழுதாதீர்கள். உயரம், எடை, பல், நிறம், முகச்சாயல் ஆகியவை விமர்சனத்துக்குரியவை அல்ல. ‘இவள் விரைவில் இந்த வேடத்துக்குப் பெரியவளாகிவிடுவாள்’ என்ற வரியைப் பலரும் எளிதாக எழுதிவிடுகிறார்கள். வளர்ந்துவிட்டதால் ஒரு நாள் வேடத்தை விட்டுப் போக வேண்டிய குழந்தைக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு சிறுமிகளை ஒப்பிட்டால், எப்படி வேறுபட்டார்கள் என்று எழுதலாம். யார் மேல் என்று தரவரிசை போட வேண்டாம். இதை நான் மிக உறுதியாகச் சொல்கிறேன். ஒரே அறையில் உடை மாற்றிக்கொண்டு, ஒன்றாகப் பாடம் படித்து, முறைவைத்து மேடையேறும் பிள்ளைகளுக்கிடையே நீங்கள் போடும் முதலிடமும் மூன்றாமிடமும் போய் விழும்.

குறையைச் சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லலாம். ஆனால் அது ஒலியமைப்பிலா, நடன அமைப்பிலா, பெரியவர்களின் நடிப்பிலா என்று முதலில் பாருங்கள். ஒரு சிறுவனின் வசனம் எனக்குப் புரியாத அன்று, அவனுடைய உச்சரிப்பைக் குறைசொல்லி எழுதத் தொடங்கினேன். அடுத்த முறை வேறோர் இருக்கையில் அமர்ந்தபோது, வேறொரு சிறுவனின் அதே வசனத்தையும் இசைக்கருவிகளின் ஒலி விழுங்கியது. பெரியவர்களின் நடிப்பைப் பற்றி நீங்கள் நினைப்பதை வெளிப்படையாக எழுதலாம். அது அவர்களுடைய தொழில்.

நிகழ்ச்சிப் புத்தகத்தில் அச்சிடப்பட்டதைத் தவிர வேறெந்தத் தனிவிவரமும் கட்டுரையில் இருக்கக் கூடாது. வயது, பள்ளி, ஊர், உடன்பிறந்தோர் பெயர், இன்ன கிழமைகளில் இன்ன நேரத்தில் வெளியே வருவாள் என்ற குறிப்பு ஆகிய எதையும் எழுதாதீர்கள். அடுத்தடுத்த காட்சிகளில் ஒரே குழந்தையைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் தம்மையறியாமலேயே இத்தகைய அட்டவணையை எழுதிவிடுகிறார்கள்.

8. கலைஞர் வாசலில்

பெரிய நடிகர்கள் நாடகம் முடிந்தபின் கலைஞர் வாசல் வழியே வரும்போது கையொப்பம் கேட்கலாம். குழந்தைகள் வெளியே வந்தால் பெற்றோரோ பாதுகாவலரோ உடனிருப்பார்கள்; அவர்கள் நின்றால் மட்டுமே நீங்கள் பேசுங்கள். பேச்சைப் பெரியவரிடம் தொடங்குங்கள். ‘நன்றாக இருந்தது’ என்று சொல்லிவிட்டு விலகிவிடுங்கள். சேர்ந்து படம் எடுக்கக் கேட்பது, பரிசுப்பொருளைக் கையில் திணிப்பது, சமூக ஊடகக் கணக்கைத் தேடிப் பின்தொடர்வது ஆகியவற்றைச் செய்யாதீர்கள். மாலைக் காட்சி முடியும்போது குழந்தைகளுக்கு வீடு போகும் அவசரம் இருக்கும். மறுநாள் காலையில் பள்ளியும் இருக்கலாம்.

9. வெளியிட்ட பிறகு

கட்டுரையின் முதல் வரியிலேயே தேதியையும் காட்சியையும் இருக்கையையும் குறிப்பிடுங்கள். நாடகத்தின் திருப்பங்களைத் தெரிந்துகொள்ள விரும்பாத வாசகருக்காக, அவை வரும் பத்திக்கு முன்பே ஒரு வரி எச்சரிக்கை எழுதுங்கள்.

பிழை தெரியவந்தால் அன்றே திருத்துங்கள். பழைய வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிடாமல், எது தவறாக இருந்தது, எந்தத் தேதியில் திருத்தினேன் என்று மேலே எழுதுங்கள். தவறான பெயரைப் படித்தவர்கள் சரியான பெயரையும் படிக்க அதுவே வழி. பாட்டியின் செய்தி வந்த காலையில், நான் அந்த நான்கு பத்திகளுக்கும் மேலே திருத்தத்தை எழுதி, பலகையில் இருந்த பெயரை முழுமையாகச் சேர்த்து, அவருக்கும் அனுப்பினேன். முந்தைய பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்ததாகவும், அதைக் கிழித்துவிட்டுப் புதியதை அச்செடுக்கப் போவதாகவும் பதில் எழுதினார்.